நெருப்பின்மேல் மண்

வரிசை ஓரடி முன்னே நகர்ந்தது, குகதாசன் நகரவில்லை. பின்னால் நின்றவர் மெல்லச் செருமிய பிறகே, தமக்கு முன்னால் ஓர் ஆள் நிற்குமளவுக்கு இடம் விழுந்திருப்பதைக் கண்டு, மன்னிப்புக் கேட்பவர்போலத் தலையை அசைத்துக்கொண்டு அந்த இடத்தை நிரப்பினார். குளிர்காலத்தில் ஐஸ் ஹொக்கி ஆடுவதற்கென்று அந்தச் சிற்றூரார் கட்டிய மண்டபம் அது. இப்போது கோடை, பனித்தரை இருந்த இடத்தில் வெறும் சீமெந்து. அதன்மேல் மடக்கு நாற்காலிகளும் ஈரச் சப்பாத்துகளும் முதுகுப்பைகளும் சிதறிக் கிடந்தன. கோப்பியும் புகையும் கலந்த மணமொன்று எல்லாருடைய உடையிலிருந்தும் வந்தது. வடக்கே, சாலையே இல்லாத பெருங்காட்டில், ஏரிக்கு ஏரி வள்ளம் வலித்துத் திரிந்த மனிதர்களை, காட்டுத்தீ பரவிவிட்டதென்று விடியற்காலை முதல் மோட்டார்ப் படகுகளில் ஏற்றிவந்து இங்கே இறக்கிக்கொண்டிருந்தார்கள். வரிசையின் முகப்பில் ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் காட்டிலாகா அதிகாரியான ஒரு பெண். அவளுக்குப் பின்னால் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு வரைபடம். எங்கே தங்கினீர்கள், உள்ளே யாரையேனும் விட்டு வந்தீர்களா, வழியில் எங்கேனும் புகையைக் கண்டீர்களா என்று அவள் ஒவ்வொருவரிடமும் கேட்டாள். கடைசிக் கேள்விக்கு மறுமொழி சொல்ல எல்லாரும் மேற்கே கைகாட்டினார்கள். கைகாட்டிவிட்டுப் போய்க் கோப்பி ஊற்றிக்கொண்டார்கள். எவ்வளவு எளிது என்று குகதாசன் பார்த்துக்கொண்டு நின்றார்.

வரைபடத்தின் மேற்குப் பாதியில் சிவப்பு நூலால் ஒரு பெரிய வளையம் கட்டியிருந்தார்கள். அதுதான் தீ; மின்னல் விழுந்து மூண்டதென்று பேசிக்கொண்டார்கள். மின்னல். அந்தச் சொல் காதில் விழுந்தபோதெல்லாம் அவருடைய நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. மின்னலுக்கு முகவரி இல்லை. மின்னலை எவரும் வரிசையில் நிறுத்திக் கேள்வி கேட்பதில்லை. கிழக்குப் பாதியில் நூல் எதுவும் இல்லை. அங்கே பச்சை மையால் ஓர் அம்பு மட்டும். உள்ளே எஞ்சியிருப்பவர்கள் ஹெரன் ஏரி வழியாகக் கிழக்கே வந்து படகுத்துறையை அடையலாம் என்பதற்கான அடையாளம் அது. அந்த அம்பின் நடு வயிற்றில்தான் ஹெரன் ஏரி. ஏரியின் வடகரையில் மூக்கைப்போல நீண்டிருந்த பாறைமுனையில்தான் முந்தாநாள் அவரும் நிமலனும் கூடாரம் அடித்தார்கள். அங்கிருந்துதான் நேற்று, அவர்கள் அக்கரைக்கு வந்து திரும்பிப் பார்த்தபோது, மரங்களுக்கு மேலே வெள்ளையாக, மெலிதாக, ஏதோ ஒன்று எழுந்துகொண்டிருந்தது. "அத்தான், அது புகையோ?" என்று நிமலன் துடுப்பை நிறுத்திவிட்டுக் கேட்டான். "பனிதான்" என்றார். எவ்வளவு விரைவாகச் சொன்னார்! கேள்வி முடிவதற்குள் மறுமொழி வாய்க்கு வந்துவிட்டது. அறியாதவன் சற்று யோசித்திருப்பான். கண்ணுக்குமேல் கையை வைத்துப் பார்த்திருப்பான். யோசிக்காமல் பனி என்றவனுக்கு அது பனி அன்று என்று தெரிந்திருக்க வேண்டும். இல்லை, அப்படியும் சொல்லிவிட முடியாது. தண்ணீர்மேல் அன்று பனி கிடந்தது உண்மைதானே? கிடந்தது. ஆனால் பனி ஏரி முழுவதும் பாய்போலக் கிடந்தது; ஓரிடத்திலிருந்து கயிறுபோல எழவில்லை. அவர் இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எண்ணம் முள்ளில் மாட்டிய வேட்டியைப்போல நின்றுவிடும். இழுத்தால் கிழியும் என்று தெரிந்து, மெல்லப் பின்வாங்கி, வேறு பக்கமாக நடக்கத் தொடங்கும்.

வேறு பக்கம் என்றால் நிமலன். அவருடைய மனைவி இராசமலரின் தம்பி. தொரன்றோவில் பேருந்து ஓட்டுகிறவன். எதைச் சொன்னாலும் சிரித்துக்கொண்டே சொல்கிறவன். குகதாசன் கேபிள் தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்று, வீட்டுச் சாய்நாற்காலிக்கும் தொலைக்காட்சிக்கும் நடுவே கிடந்ததைப் பார்த்து, "இந்த மனிசனை எங்கையாவது கூட்டிக்கொண்டு போடா, பார்க்கப் பார்க்க எனக்கு விசர் பிடிக்குது" என்று இராசமலர் சொல்ல, அவன் கண்டுபிடித்ததுதான் இந்தப் பயணம். "காசு குடுத்து வள்ளமேறி, காட்டுக்குள்ள போய், நிலத்தில படுக்கிறதோ? நாங்கள் இதையெல்லாம் ஒரு சதமும் குடுக்காமல் செய்தனாங்கள்" என்று குகதாசன் சொன்னதைக் கேட்டு வீடே சிரித்தது. அந்தச் சிரிப்பில் அவரும் கலந்துகொண்டார். போர்க்காலத்தில் கிளாலிக் கடலேரியை இருட்டில் கடந்த வள்ளத்தில், மடியில் ஒரு பையோடு, மூச்சை அடக்கிக்கொண்டு இருந்த தம்முடைய பழைய உடலை, அந்த நகைச்சுவையின்மேல் அவர் ஏற்றி அனுப்பிவிட்டார். வந்த பிறகு அவருக்குப் பிடித்துவிட்டது. அதை ஒத்துக்கொள்ளத்தான் வெட்கமாக இருந்தது. துடுப்பு நீரைத் தொடும் ஒலி பிடித்தது. ஓர் ஏரி முடிந்து அடுத்த ஏரி தொடங்குமட்டும் வள்ளத்தைத் தலைக்குமேல் கவிழ்த்துச் சுமந்துகொண்டு ஒற்றையடிப் பாதையில் நடப்பது பிடித்தது. முந்தாநாள் மாலை, பாறைமுனையில் நெருப்பு மூட்டி, நிமலன் பருப்புக்கறி வைக்க, அவர் தாமே ரொட்டி சுட்டார். அடி கருகிய அந்த ரொட்டியைப்போல் ஒன்றை வாழ்நாளில் தின்றதில்லை என்று சொல்லிச் சொல்லித் தின்றார். அந்த நெருப்பு. எந்தப் பக்கம் நடந்தாலும் பாதை அந்த நெருப்புக்கே வந்து சேர்ந்தது.

நேற்றுக் காலை, புறப்படும் நேரம். வள்ளத்தை வாடகைக்குத் தந்த பெண் இரண்டு தடவை சொல்லியிருந்தாள்: தண்ணீர் ஊற்றுங்கள், கிளறுங்கள், மறுபடி ஊற்றுங்கள், கையை வைத்துப் பாருங்கள். குகதாசன் இரண்டு தடவையும் தலையாட்டினார். தலையாட்டுவது அவருக்குக் கைவந்த கலை. முப்பது ஆண்டுகளாக ஆங்கிலத்துக்குத் தலையாட்டியே சம்பளம் வாங்கியிருக்கிறார். நிமலன் மடக்கு வாளியைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்கு இறங்கினான். பாறை வழுக்கியது, அவன் தடுமாறினான். "விடடா. நெருப்பணைக்கத் தண்ணியோ? தண்ணி ஊத்தினால் சாம்பல் எழும்பிக் கண்ணை அடிக்கும். மண்ணைப் போட்டு மூடினால் மூச்சில்லாமல் தானாய்ச் சாகும்" என்றார். நிமலன், "அந்தப் பிள்ளை தண்ணி எண்டல்லோ சொன்னவ?" என்று இழுத்தான். "அந்தப் பிள்ளைக்கு எத்தனை வயசு? நான் நெருப்பைக் கண்ட மாதிரி அவள் கண்டிருப்பாளோ?" என்று கேட்டார். கேட்டதில் ஒரு பெருமை இருந்தது. இப்போது அதை நினைத்தால் உடம்பு கூசியது. ஆனால் அது பொய்ப் பெருமையும் அன்று. ஊரில் செல் குண்டு விழுந்து பக்கத்து வீட்டு மாட்டுக்கொட்டிலின் ஓலைக்கூரை எரிந்தபோது, கிணற்றில் நீர் வற்றிக் கிடந்த அந்த ஆவணியில், ஒழுங்கைச் சனம் முழுவதும் கூடிக் கடகம் கடகமாக மண் அள்ளிக் கொட்டித்தான் அணைத்தது. முதல் கடகம் குகதாசனுடையது. மண் விழுந்த இடத்தில் நெருப்பு ஒரு சொல்லும் பேசாமல் செத்தது. அதன்பிறகு குப்பை எரித்தாலும் சரி, அடுப்பை அவித்தாலும் சரி, மண்தான். பதுங்குகுழியின் வாயை மூடிய மூடைகளிலும் மண்தான். தண்ணீர் கைவிட்டிருக்கிறது, மனிதர்கள் கைவிட்டிருக்கிறார்கள், மண் ஒருநாளும் கைவிட்டதில்லை. ஆகவே அவர் மரங்களின் அடிக்குப் போய், இரு கைகளாலும் கருகருவென்றிருந்த மண்ணை அள்ளினார். எவ்வளவு மென்மை! கை முழங்கை வரை இறங்கும்போல இருந்தது; பஞ்சுபோலப் பாரமே இல்லாமல் வந்தது. செம்மண்ணில் பிறந்த கை அந்த மென்மையை ஐயுற்றிருக்க வேண்டாமா? ஐயுறவில்லை, மகிழ்ந்தது. அள்ளி அள்ளிக் குவித்து, காலால் மிதித்து, ஒரு சிறு மேடாக்கி, "பார், எவ்வளவு துப்புரவு" என்றார்.

வரிசை நகர்ந்தது. இம்முறை அவரும் நகர்ந்தார். அந்த இரு பெண்களையும் இனி நினைக்காமல் இருக்க வழியில்லை. ஹெரன் ஏரியை விட்டு வெளியேறும் ஒற்றையடிப் பாதையில் எதிரே வந்தார்கள், உடன்பிறந்தவர்கள், அவருடைய வயதிருக்கும். மூத்தவளுக்கு ஒரு முழங்கால் சரியில்லை, கட்டுப் போட்டிருந்தாள். வள்ளத்தைத் தொப்பிபோலக் கவிழ்த்துக்கொண்டு வந்த நிமலனைப் பார்த்து, "உனக்குத் தலை இருக்கிறதா தம்பி, அல்லது வள்ளம் மட்டும்தானா?" என்று இளையவள் கேட்டுச் சிரித்தாள். உலர்ந்த ஆப்பிள் துண்டுகளைக் கொடுத்தார்கள். பாறைமுனையில் இடம் காலியாக இருக்கிறதா என்று மூத்தவள் கேட்டாள். அங்கேயே தங்கி முழங்காலுக்கு ஓய்வு கொடுக்கப் போகிறார்களாம். குகதாசன் முந்திக்கொண்டு, தம்முடைய ஆங்கிலம் முழுவதையும் திரட்டி, காலி, மிக நல்ல இடம் என்றார். புகையைக் கண்டு பனி என்று சொல்லிக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. கண்டவர் அதே வாயால் அவர்களை அங்கே அனுப்பிவைத்தார். ஏன்? புகை என்று சொல்லியிருந்தால் நிமலன் வள்ளத்தைத் திருப்பியிருப்பான். திரும்பியிருந்தால் மேட்டைக் கிளறித் தண்ணீர் ஊற்றியிருப்பான். ஊற்றும்போது ஒன்றும் சொல்லியிருக்க மாட்டான், சிரித்துமிருப்பான். அந்தச் சிரிப்பைத் தாங்க முடியாமலா? அவ்வளவுதானா? அவ்வளவுதான். ஆனால் அந்தப் பெண்கள் பார்த்திருப்பார்களே, அவர் தமக்குள் வழக்காடினார். கண்ணில்லாதவர்களா? வாளி வைத்திருந்தார்கள், புகைந்தால் ஊற்றியிருப்பார்கள். அப்படியானால் ஏன் இன்னும் வரவில்லை? மண்டபத்துக்குள் வந்த முகங்களையெல்லாம் அவர் காலை முதல் பார்த்துக்கொண்டிருக்கிறார். முழங்காலில் கட்டுப் போட்டவர் எவரும் வரவில்லை.

நிமலன் இரண்டு கோப்பிக் கோப்பைகளோடு வந்து பக்கத்தில் நின்றான். "என்ன அத்தான், முகம் பேயறைஞ்ச மாதிரிக் கிடக்கு? பயப்பிடாதேங்கோ, மேற்கில எரியிறது கிழக்குக்கு வர நாலு நாள் செல்லுமாம். அக்காவுக்கு எடுத்துச் சொல்லிப்போட்டன். உங்களைக் கரி பிடிக்காமல் கொண்டுவந்து சேர்க்கட்டாம்." குகதாசன் சிரிக்க முயன்றார். மேற்கில் எரிகிறது கிழக்குக்கு வரும். வந்தால்? வந்து பாறைமுனையையும் விழுங்கிவிட்டால்? பெரிய தீ வந்து சின்னத் தீயைத் தின்றுவிட்டால், எது எங்கே தொடங்கியது என்று எவன் சொல்லுவான்? எல்லாம் ஒரே கரி, எல்லாம் மின்னல். எண்ணம் தானாக வந்தது. வந்து, ஒரு நொடி, இதமான தண்ணீரைப்போல உடம்பெங்கும் பரவியது. அதன் பிறகே, அப்படி நடக்கும்போது அந்தப் பாறைமுனையில் யார் இருப்பார்கள் என்பது அவருக்கு உறைத்தது. கொலைகாரன் என்பவன் கத்தியோடுதான் வருவான் என்று இத்தனை ஆண்டுகளும் நினைத்திருந்தாரே. வரிசையில் நின்று, சீனி போட்ட கோப்பியைக் குடித்துக்கொண்டு, தீ விரைந்து வரட்டும் என்று வேண்டிக்கொள்கிறவனாகவும் அவன் இருக்கலாம்.

சொல்லிவிடலாம். மேசைக்கு இன்னும் சிலரே இருந்தார்கள். ஆனால் மேசைக்குப் பின்னால் இருந்தது காக்கிச் சட்டை. மேசை, காக்கிச் சட்டை, கேள்வி. ஊரில், ஆனையிறவுச் சோதனைச்சாவடியிலும் அதே மேசைதான். கேட்டதற்கு மட்டும் மறுமொழி சொல், கேளாததை நீட்டாதே, கண்டதைக் காணவில்லை என்று சொல். அந்தப் பாடத்தைத் தப்பாமல் ஒப்பித்ததனால்தான் இன்று அறுபது வயதில் இங்கே நிற்கிறார். ஒருநாள் பேருந்திலிருந்து இறக்கப்பட்ட இளைஞன் ஒருவனைத் தெரியுமா என்று கேட்டார்கள், தெரியாது என்றார். தெரியும். அதைப்பற்றி அவர் இராசமலரிடம்கூடச் சொன்னதில்லை. உயிர் தப்புவதற்குப் பழகிய வாய் உயிரைக் கொல்லவும் அதே சொல்லைத்தான் சொல்லும் போலும். வழக்குப் போடுவார்கள். பேப்பரில் படம் வரும். தமிழ் வானொலியில் யாராவது எடுத்துக் கதைப்பான்: எங்கட ஆக்கள் போய்க் காட்டைக் கொளுத்திப்போட்டு வந்திருக்கினம். கோயில் வீதியில், திருமண மண்டபத்தில், இராசமலரின் முகத்துக்கு நேரே ஒருவரும் கேட்க மாட்டார்கள். அவள் கழுத்தைத் திருப்பியதும் கேட்பார்கள். அவளுக்காகவாவது வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டாமா? அவளுக்காக. நல்ல சொல் அது. எதையும் அதற்குள் ஒளித்துவைக்கலாம்.

நிமலன், சும்மா நிற்க முடியாதவன், தூணில் செருகியிருந்த துண்டுப்பிரசுரமொன்றை எடுத்து வாசிக்கத் தொடங்கினான். "பாருங்கோ அத்தான், வேடிக்கையை. இந்தக் காட்டில மண்ணே இல்லையாம். பாசியும் பைன் மர ஊசியும் உக்கி உக்கி, மண் மாதிரிக் கறுப்பாய்க் கிடக்குதாம், அடியில பாறையாம். தப்பித் தவறியும் அதைப் போட்டு நெருப்பை மூடக் கூடாதாம், ஏனெண்டால் அதுவும் விறகுதானாம். உள்ளுக்குள்ளாலேயே ஊர்ந்து போய், ஒரு நாள், ரெண்டு நாள் கழிச்சு, வேற இடத்தில..." அவனுடைய குரல் அங்கே நின்றது. வாசித்துக்கொண்டிருந்தவன் தலையை நிமிர்த்தாமலே இருந்தான். காகிதத்தைப் பிடித்திருந்த பெருவிரல் வெளுத்தது. மண்டபத்தின் ஒலிகளெல்லாம் தூரப் போய்விட்டதுபோல இருந்தது. எங்கோ ஒரு குழந்தை சிணுங்கியது. "அது பனியில்லை, என்ன?" என்று அவன் மிகத் தாழ்ந்த குரலில் கேட்டான். குகதாசன் குனிந்து கோப்பையைத் தரையில் வைத்தார். நிமலன் பிரசுரத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். "நீங்கள் ஒண்டும் கதைக்கவேண்டாம். அங்கால புகை கண்டனாங்கள் எண்டு மட்டும் நான் சொல்லுறன். ஆர் மூட்டினது, ஆர் அணைச்சது எண்டு அவை கேட்கமாட்டினம். கேட்டால், நான்தான் எண்டு சொல்லுறன். எனக்கு இங்கிலீசு வரும், சமாளிப்பன்." "நீ ஏன்ரா?" "வாளியைக் கையில வைச்சிருந்தது நானல்லோ? ஊத்தியிருக்கலாமே. உங்களுக்கு எதிர்க்கதை கதைக்கக் கூடாதெண்டு விட்டனான்." அவன் சிரிக்காமல் பேசியதைக் குகதாசன் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார்.

முன்னால் நின்றவர் விலகினார், மேசை வந்துவிட்டது. அதிகாரிக்கு நித்திரை இல்லாத கண்கள். எங்கே தங்கினீர்கள்? ஹெரன் ஏரி, பாறைமுனை என்றான் நிமலன். உள்ளே யாராவது? இரண்டு பெண்கள், அதே பாறைமுனைக்குப் போனார்கள் என்றான். அவள் தலையசைத்துக்கொண்டு எழுதினாள். நல்லது, அது பாதுகாப்பான வழி, இன்று மாலைக்குள் வந்துவிடுவார்கள் என்றாள். புகை? நிமலன் வரைபடத்தைப் பார்த்தான். பாறைமுனைப் பக்கம் மெல்லியதாக ஏதோ தெரிந்தது, புகையாக இருக்கலாம் என்றான். அவள் பேனாவை நிறுத்தினாள். இருக்கலாமா? ஏரிகளில் காலையில் பனி எழும், நிறையப் பேர் அதைப் புகை என்று நினைத்துவிடுகிறார்கள் என்று பொறுமையாகச் சொன்னாள். ஓம், பனியாகவும் இருக்கலாம் என்றான் நிமலன். சொல்லிவிட்டுக் குகதாசனைக் கடைக்கண்ணால் பார்த்தான். அவள் அடுத்தவரைப் பார்க்கத் தலையை உயர்த்தினாள். இவ்வளவுதான். முடிந்துவிட்டது. கோப்பி மேசை அந்தப் பக்கம். இந்த ஊரில் விட்டுப்போன கார் வெளியே நின்றது. குகதாசனின் கால்கள் நகரவும் தொடங்கிவிட்டன. அவர் அதை உணர்ந்தார், தம்முடைய கால்கள் தம்மைக் கேளாமலே தப்பிக்கத் தொடங்கியதை. அப்போதுதான், ஏன் என்று அவருக்குப் பிறகும் விளங்கவில்லை, அவர் இரு கைகளாலும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"நோ" என்றார். குரல் வேறொருவருடையதுபோல உரத்து வந்தது. "நொட் பனி. ஸ்மோக். ஐ சீ. ஐ நோ." அதிகாரி அவரை முதல்முறையாகப் பார்த்தாள். நிமலன், "அத்தான், விடுங்கோ" என்று தோளைத் தொட்டான். அவர் அந்தக் கையை விலக்கினார். தமிழில் சொன்னால் அது நிமலனுடைய வாய் வழியாகத்தான் போகும். போகும்போது அன்பினால் எங்காவது மழுங்கிவிடும். ஆகையால், தம்மிடம் இருந்த கொஞ்ச ஆங்கிலத்தை வைத்துக்கொண்டே, மூச்சு வாங்க, ஒவ்வொரு சொல்லாகத் தூக்கி வைத்தார். "மை ஃபயர். வோட்டர் நோ. ஐ புட் சொயில். நொட் ஹிம். மீ. டூ லேடி கோ தெயர். ஐ டெல் தெம், கோ, குட் பிளேஸ்." வரைபடத்துக்கு அருகே போய் அந்த மூக்குப்போன்ற முனையின்மேல் விரலை வைத்தார். அவள் ஏசவில்லை, வியக்கவுமில்லை, அவருடைய முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. எப்போது என்று மட்டும் கேட்டாள். நேற்றுக் காலை என்றார். அவள் வானொலிக் கருவியை எடுத்து விரைவாகப் பேசினாள்: ஹெரன் ஏரி வழியை மூடுங்கள், அங்கே இரண்டாவது தீ இருக்கக்கூடும், வடகரைப் பாறைமுனையில் இருவர், ஒருவருக்கு நடப்பது கடினம். கரகரப்பு. பிறகு ஒரு குரல், விமானம் திரும்பிப் பார்க்கும் என்றது. அவள் பச்சை அம்பின் குறுக்கே சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்தாள். அந்தக் கோடு விழுந்தபோது அவருடைய நெஞ்சுக்குள் ஏதோ இலேசானது. உடனே, இன்னும் எவரும் காப்பாற்றப்படாத நேரத்தில் தமக்கு எப்படி இலேசாகலாம் என்று, அந்த இலேசையும் குற்றக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

மீண்டும் கருவி பேசுமட்டும் மண்டபத்தில் ஒருவரும் கோப்பி ஊற்றவில்லை என்று அவருக்குத் தோன்றியது. உண்மையில் எல்லாரும் ஊற்றிக்கொண்டுதான் இருந்தார்கள். குரல் வந்தது. வடகரை எரிகிறது, புகை தண்ணீர்மேல் படிந்திருக்கிறது, வள்ளம் எதுவும் தெரியவில்லை, தெற்குக் கரையிலிருந்து ஒரு படகை அனுப்புகிறோம். அதிகாரி அவரிடம், பெயரையும் தொலைபேசி எண்ணையும் கொடுத்துவிட்டுப் போகலாம், விசாரிக்கிறவர்கள் பிறகு கூப்பிடுவார்கள் என்றாள். நிமலன் தானே எழுதிக் கொடுத்தான். பிறகு கார்ச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, "வாங்கோ அத்தான். தீயெண்டு றோட்டை மறிக்கமுந்திப் போவம். அக்கா பாத்துக்கொண்டிருப்பா" என்றான்.

"நீ போ."

"என்ன விசர்க்கதை? நீங்கள் இங்க நிண்டு என்ன செய்யப் போறியள்?"

"அவை வரேக்குள்ள நான் நிக்கவேணும்."

"வந்தால் என்னெண்டு சொல்லுவியள்? அந்த மனிசிமார் உங்களை அடிக்கவும் வருவினம்."

"அடிக்கட்டும்."

நிமலன் அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். வராவிட்டால் என்ற சொல் அவனுடைய நாக்கு நுனிவரை வந்ததை அவர் கண்டார். அவன் அதைச் சொல்லாமல் விழுங்கியதையும் கண்டார். சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, அவன் போய் இராசமலருக்குத் தொலைபேசி எடுத்தான். குகதாசன் ஒரு மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய், உள்ளே வருகிறவர்கள் முதலில் காணும் இடத்தில் விரித்து உட்கார்ந்தார். வெளியே நண்பகல் செம்மஞ்சளாக இருந்தது. படகுத்துறையிலிருந்து வந்த வண்டியொன்று நின்றது, கதவுகள் அடிக்கும் ஒலி, கால்கள். அவர் எழுந்தார். நான்கு பேர் இருமிக்கொண்டே உள்ளே வந்தார்கள்; அவர்கள் அல்லர். அவருக்குப் பக்கத்தால் ஒதுங்கிப் போனார்கள். எழுந்தவர் மறுபடி உட்காரவில்லை.